உங்களுக்குத் தெரியுமா? விரலை அசைக்கும் தசை விரலில் இல்லை!

வலது முழங்கைக்குச் சற்றுக் கீழே இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கை விரல்களை மடக்கி நீட்டுங்கள். பிடிக்குள் சதை புரளுவது தெரியும். விரல்களை இழுக்கும் பெரிய தசைகள் இருப்பது அங்கேதான். அங்கிருந்து மணிக்கட்டு வழியாக வரும் தசைநாண்கள்தான் விரல்களை இழுக்கின்றன. நுணுக்கமான அசைவுகளுக்கு உள்ளங்கைத் தசைகள் துணை.

தசைக்கு இழுக்க மட்டுமே தெரியும், தள்ளத் தெரியாது. அதனால்தான் மடக்க ஒன்று, நீட்ட ஒன்று என்று இரண்டு பக்கமும் தசைகள்.

இப்படி இயங்கும் கையால் செய்யும் வேலைக்குத் திருவள்ளூர் மாவட்டத்தில் வயது அதிகம். கொசஸ்தலையாற்றுப் பகுதியில் உள்ள அத்திரம்பாக்கத்தில் 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபுட் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அங்குள்ள மிகப் பழைய கைக்கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை என்று 2011-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. இன்று கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஸ்பேனர் பிடிக்கும் கைகளைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கோடரிகள்தான் நினைவுக்கு வரும்.

சரி, தசைக்கு உத்தரவு எங்கிருந்து வருகிறது? சுடு கம்பியில் கை பட்டால், இழுத்த பிறகுதான் வலி தெரிகிறது. ‘கையை எடு’ என்ற உத்தரவைத் தருவது மூளை அல்ல, தண்டுவடம்.

உத்தரவு எங்கிருந்து வந்தாலும் நரம்பு வழியாகத்தான் தசைக்குப் போகிறது. கட்டுவிரியன் பாம்பின் நஞ்சு, நரம்பின் செய்தி தசைக்குக் கைமாறும் இடத்தையே தாக்குகிறது. முதலில் இமை சரியும்; கடைசியில் மூச்சுத் தசையும் நிற்கும். கடித்த இடத்தில் வலி பெரிதாக இருக்காது. அதனால் தூக்கத்தில் கடித்தாலும் தெரியாமல் போகலாம். ஷிப்ட் முடிந்து தரையில் படுப்பவர்கள் கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிக்கொண்டு தூங்குவது நல்லது.

கரண்ட் ‘பிடித்து இழுக்கிறது’ என்கிறோமே, உண்மையில் இழுப்பது நம் தசைதான். வினாடிக்கு 50 சுழற்சியாகப் பாயும் மின்சாரம் முன்கைத் தசைகளை இறுக்கிவிடுகிறது. நீட்டும் தசையைவிட மடக்கும் தசைக்கு வலு அதிகம். அதனால் விட நினைத்தாலும் கை விடாது. சிக்கியவரைத் தொடாதீர்கள், முதலில் மெயினை அணையுங்கள்.

கையில் நரம்புச் செய்தி வினாடிக்கு 50, 60 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஆனாலும் கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, கை அசையத் தொடங்குவதற்குள் சுமார் 0.2 வினாடி போய்விடும். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் இந்தத் தாமதம் பூஜ்யமாகாது. வேகமான பவர் பிரஸ் அதற்குள் இறங்கிவிடும். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒன்றாக அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும் என்று வைத்திருப்பது இதற்காகத்தான்: இறங்கும் நேரத்தில் இரண்டு கையும் டைக்கு வெளியே இருக்கும். உற்பத்தி எண்ணிக்கைக்காக ஒரு பட்டனை டேப் போட்டு ஒட்டச் சொன்னால், ஆபரேட்டர்களே, மறுத்துவிடுங்கள். சூப்பர்வைசர்களே, அப்படிச் சொல்லாதீர்கள்.