துண்டுக்குள் பேசும் விரல்கள்

ஆடி மாதம் அந்தியூர் புதுப்பாளையம் குருநாதசுவாமி கோயில் தேர்த்திருவிழாவையொட்டிக் கூடும் கால்நடைச் சந்தைக்குக் குதிரைகளும் காங்கேயம் காளைகளும் பர்கூர் மலை மாடுகளும் வந்து சேரும். மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் கைமேல் துண்டைப் போட்டு, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவது பழைய வழக்கம். சுற்றி நிற்பவர்களுக்கு எதுவும் புரியாது. எந்தப் பிடிக்கு என்ன விலை என்பது பேரம் பேசும் இருவருக்கும் தெரியும். பேரம் படிந்துவிடும்.

விரலாலேயே இப்படிப் பேச முடியுமென்றால், ஆதிமனிதன் முதலில் பேசியது வாயாலா, கையாலா? ஊகங்கள் பெருகிப்போனதால், மொழியின் தோற்றம் பற்றிய கட்டுரைகளையே ஏற்பதில்லை என 1866-இல் பாரிஸ் மொழியியல் கழகம் விதி வகுத்தது. ஆனாலும் தேடல் ஓயவில்லை. காக்கை கரைவதைக் கேட்டு அதற்குப் பெயர் வைத்ததுபோல, இயற்கை ஒலிகளிலிருந்தே சொற்கள் பிறந்தன என்றது ஒரு கொள்கை. வலியிலும் வியப்பிலும் எழுந்த குரலே மூலம் என்றது இன்னொன்று. பாட்டுப் போன்ற குரல்தான் பேச்சுக்கு முன்னோடி என்று 1871-இல் டார்வின் எழுதினார். தமிழறிஞர் தேவநேயப் பாவாணரும் மொழியின் மூல ஒலிகளை உணர்ச்சியொலி, ஒப்பொலி, சுட்டொலி என வகைபிரித்து ஆராய்ந்தார்.

கைச்சாடையே முந்தியது என்போரின் வாதம் வலுவானது. சிம்பன்சியின் கத்தல் பெரும்பாலும் உணர்ச்சிவசப்பட்டது. கைச்சாடையையோ அது ஆளுக்கும் தேவைக்கும் ஏற்ப மாற்றிக்கொள்கிறது.

ஒரு மொழி பிறப்பதை நம் காலத்திலேயே ஆய்வாளர்கள் பார்த்தார்கள். நிகராகுவா நாட்டின் மனாகுவாவில் 1977-இல் காது கேளாத குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கியது. அங்கே உதட்டசைவைப் படிக்கவும் ஸ்பானிய மொழி பேசவும்தான் பழக்கினார்கள். பிள்ளைகளோ அவரவர் வீட்டுச் சாடைகளைத் தங்களுக்குள் கலந்து புதுமொழி உண்டாக்கினார்கள். பின்னால் சேர்ந்த சின்னஞ்சிறுசுகள் அதற்கு ஒழுங்கான இலக்கணமே கொடுத்துவிட்டார்கள். தனித்தனி வீடுகளில் இருந்தவரை வெறும் சாடையாக இருந்தது, கூட்டாளிகள் கிடைத்ததும் மொழியானது.

துண்டுக்குள் விரல் பிடிக்கும் தரகர்கள் ஏற்கெனவே மொழி அறிந்தவர்கள். அது ஆதிமொழியின் எச்சம் அல்ல. ஆனால் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: இந்த அடையாளத்துக்கு இந்தப் பொருள் என்று இருவர் ஒத்துக்கொள்வது. வாய் முந்தியதா, கை முந்தியதா என்பதைவிட, அந்த உடன்பாடு எப்படி வந்தது என்பதே பெரிய கேள்வி என்று நான் கருதுகிறேன்.

அப்படியானால் நமக்கொரு கடமை உண்டு. காது கேளாத பிள்ளைக்குச் சைகைமொழி கற்றுத்தந்தால் மட்டும் போதாது. பெற்றோரும் உடன்படிக்கும் பிள்ளைகளும் அதைக் கற்கவேண்டும். பேச ஆள் இல்லாத இடத்தில் எந்த மொழியும் வளராது.