சிதறிய கோப்புகளைத் திரட்டுதல்

2017-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 28-ஆம் நாள், விடியுமுன், எண்ணூர்க் கடலில் இரண்டு கப்பல்கள் ஒன்றோடொன்று மோதின. கசிந்த எண்ணெய் எண்ணூர், திருவொற்றியூர் முதலிய கரைகளிலே கரிய சேறாய்ப் படிந்தது. அதனை மக்கள் வாளிகொண்டு அள்ள நேர்ந்தது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கலந்த எண்ணெய் மீண்டும் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானே முன்வந்து அதனை விசாரித்தது.

இத்தகைய காலத்தில், எண்ணெய் படிந்த படகையும் வலையையும் காட்டும் ஒளிப்படமே ஏழை மீனவரின் சாட்சி. ஆனால் அச்சாட்சி எங்கே இருக்கிறது? ஒரு குப்பத்தில் இருபது பேர் எடுத்த படங்களை ஒரு கணிப்பொறியில் சேர்த்திருப்பதாகக் கொள்வோம். ஆளுக்கு ஓர் உறை, அதனுள் நாளுக்கு ஓர் உறை, அதனுள்ளும் வேறோர் உறை. அவற்றையெல்லாம் திறந்து, வேண்டிய படங்களைக் கையால் பொறுக்கினால் சில விடுபடும். சில இருமுறை சேரும்.

இவ்வேலையைச் சில வரி நிரலிடம் ஒப்படைக்கலாம். 1991-இல் வெளிவந்த பைத்தான் என்னும் நிரல்மொழி இதற்கு ஏற்றது. அதன் 'ஆர்குளோப்' என்னும் கட்டளை, மேலுறையில் தொடங்கி அடியுறை வரை புகுந்து, நாம் சொன்ன வகைக் கோப்புகளைத் தேடித் தரும். பின்னர் 'காப்பி2' என்னும் கட்டளை ஒவ்வொன்றையும் புதிய உறையிலே படியெடுக்கும். கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தையும் இயன்றவரை உடன் கொண்டுவரும். மூலம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இங்கே ஓர் ஆபத்து உண்டு. ஒளிப்படக் கருவிகள் பல, தம் படங்களுக்கு 0001 முதல் 9999 வரை எண்ணிட்டே பெயர் சூட்டுகின்றன. ஆகவே இருவர் எடுத்த படங்களுக்கு ஒரே பெயர் அமைதல் இயல்பு. ஒரே உறையில் இரண்டையும் இட்டால், பின்வந்தது முன்வந்ததை அழித்துவிடும்; கட்டளையோ எச்சரிக்கை எதுவும் தராது. எனவே, படியெடுக்கும்போதே எடுத்தவரின் உறைப்பெயரையும் நாளையும் கோப்பின் பெயருக்கு முன் சேர்க்குமாறு நிரல் எழுத வேண்டும். அப்பெயரும் முன்பே அங்கு இருக்குமாயின், எழுதாது நிற்குமாறும் பணிக்க வேண்டும்.

முதல் ஓட்டத்தில் எதையும் படியெடுக்காமல், எது எங்கே செல்லும் என்னும் பட்டியலை மட்டும் அச்சிட்டுப் பார்ப்பது நன்று. முடிவில் 'ஷா-256' என்னும் கணக்கால் மூலத்தையும் படியையும் ஒப்பிடுக. ஒவ்வொரு கோப்பிற்கும் 64 குறிகள் கொண்ட ஒரு முத்திரையை அது தரும். கோப்பில் ஒரு துளி மாறினும் முத்திரை மாறிவிடும்.

ஒரு மீனவரின் இழப்பு, மற்றொருவர் படத்தின் பெயரால் மறைந்துபோதல் ஆகாது. விரைவு நிரலின் இயல்பு; விழிப்பு அதனை எழுதுவோரின் கடமை.