பப்பாளிப் பாலிலிருந்து இன்சுலின் வரை

சேத்தூரிலிருந்து ராஜபாளையம் வழியாகக் கிழக்கே சத்திரப்பட்டிக்குப் போகிறவருக்கு, ஊர் கண்ணில் படுமுன்பே தறிச் சத்தம் காதில் விழும். அங்கே நெய்வது புண்ணுக்குக் கட்டும் பேண்டேஜ் துணி. அடியில் விரலை வைத்தால் நகக்கண் தெரியும்படி அவ்வளவு இழை விலகிய அந்தத் துணி, வெளுத்துச் சுருட்டப்பட்டு, கடல் கடந்தும் அந்நிய தேசத்து ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. அளவையும் இழைக் கணக்கையும் நிர்ணயிப்பவர் வாங்குகிறவர், நெய்கிறவருக்குக் கூலி. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், இன்று பெரிதாகப் பேசப்படும் ஒரு புதிய விஷயமும் எளிதில் விளங்கும்.

நுண்ணுயிர்களையும் உயிரணுக்களையும் வேலை வாங்கி, மருந்தும் நொதியும் தடுப்பூசியும் செய்கிற சாஸ்திரமே உயிரித் தொழில்நுட்பம். ஒரு புது மருந்து ஆராய்ச்சிசாலையிலிருந்து கடைக்கு வந்து சேரப் பத்தாண்டுக்கு மேலும் ஆகிறபடியால், மேனாட்டுக் கம்பெனிகள் செலவைக் கருதி, ஆராய்ச்சியில் ஒரு பகுதியையோ, உற்பத்தியையோ, நோயாளிகளிடத்தில் மருந்தைப் பரீட்சிக்கும் காரியத்தையோ பிற தேசத்தாரிடம் ஒப்படைக்கின்றன. இதைத்தான் அவுட்சோர்சிங் என்கிறார்கள்.

நம் தேசத்தில் இதற்கு நல்ல உதாரணம் பயோகான். 1978-ல் பெங்களூரில், வாடகை வீடொன்றின் கார் கொட்டகையில், பத்தாயிரம் ரூபாய் முதலோடு கிரண் மஜும்தார் தொடங்கிய அந்நிறுவனம், அயர்லாந்துக் கம்பெனி ஒன்றின் கூட்டாளியாகப் பப்பாளிப் பாலிலிருந்து பப்பெயின் என்னும் நொதியை எடுத்து அனுப்பியது. முற்றியும் பழுக்காத காயின் தோலை விடியற்காலையில் லேசாகக் கீறிவிட்டால் வெள்ளைப் பால் சொட்டும்; அதைச் சேகரித்து உலர்த்தினால் பப்பெயின் கிடைக்கும். கோயம்புத்தூரில் உருவான கோ-5 பப்பாளி இதற்கென்றே பேர் பெற்ற ரகம். பிறருக்காகப் பாலை உலர்த்தியதோடு நின்றிருந்தால் அந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும். வந்த வருமானத்தோடு வித்தையையும் சேர்த்துக்கொண்டதனால், 1993-ல் பிற கம்பெனிகளுக்கு ஆராய்ச்சி செய்து தரும் சின்ஜீன் பிறந்தது. 2004-ல் ஈஸ்ட்டை வேலை வாங்கிச் செய்த சொந்த இன்சுலின் வெளிவந்தது. 2021-ல் பயோகானின் இன்சுலின் ஒன்றை, மூல மருந்துக்கு மாற்றாகவே கொடுக்கலாம் என்று அமெரிக்க அரசு அனுமதித்தது.

சங்கடங்களும் உண்டு. கணினி வேலை கம்பி வழியே போய்விடும்; உயிரணுவை உறைகுளிரில் பொதிந்து அனுப்பவேண்டும், சுங்கத்தில் தாமதமானால் பல மாத உழைப்பு வீணாகும். தன் ரகசியம் களவு போகுமோ என்ற அச்சம் வேலை கொடுப்பவருக்கு உண்டு; 2005 முதல் மருந்துப் பொருளுக்கே காப்புரிமை என்று நம் சட்டம் மாறியபின் அது ஓரளவு தணிந்தது. வேலை ஏற்பவருடைய கவலையோ மனித உயிரைப் பற்றியது. வெளிநாட்டு அமைப்பு ஒன்று 2009-ல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்துச் சிறுமிகளிடம் நடத்திய தடுப்பூசி ஆய்வில், பெற்றோர் சம்மதத்துக்குப் பதிலாகப் பல இடங்களில் விடுதிக் காப்பாளரின் கையெழுத்தே வாங்கப்பட்டிருந்தது. 2010-ல் அந்த ஆய்வு நிறுத்தப்பட்டது. மருந்துப் பரீட்சைகளுக்கு 2019-ல் புதிய விதிகள் வந்துள்ளன. ஆயினும் சம்மதப் பத்திரம் தாய்மொழியில் வாசித்து விளக்கப்படுகிறதா என்று பார்ப்பது நம் எல்லோருடைய கடமை.

காலமும் இப்போது அனுகூலமாகத் திரும்பியிருக்கிறது. சீனத்து உயிரித் தொழில் நிறுவனங்கள் சிலவற்றோடு தொடர்பைக் கட்டுப்படுத்தும் மசோதாவை 2024 செப்டம்பரில் அமெரிக்கக் கீழ்ச்சபை நிறைவேற்றியது முதல், அங்கே போய்க்கொண்டிருந்த வேலைகளுக்கு வேறு இடம் தேடும் நோக்கம் வலுத்து, இந்தியாவின் மேல் பார்வை விழுகிறது. கிருஷ்ணன்கோவிலிலும் மதுரையிலும் இந்த வித்தையைக் கற்கும் நம் பிள்ளைகளுக்கு இது நல்ல வாய்ப்பு.

வருகிற வேலையை மறுப்பது அவிவேகம். கூலியோடு திருப்தியடைவதும் அவிவேகமே. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், வேலை முடிந்து பெட்டி கப்பலேறிய பிறகு நம்மிடத்தில் தங்கப்போகும் வித்தை என்ன என்று கேட்கவேண்டும். சத்திரப்பட்டித் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை நாளை அந்தப் பேண்டேஜில் தடவும் மருந்தையும் தானே கண்டுபிடிப்பது, அந்தக் கேள்வியைத் தவறாமல் கேட்பதில்தான் இருக்கிறது.