பத்து ரூபா பாக்கெட்... நிஜ விலை என்ன?

மாசக் கடைசி. பர்ஸில் மிச்சம் இருபது ரூபா. லேப் முடிஞ்சு வெளியே வந்தா பசி வயித்தைக் கிள்ளுது. பரங்கிப்பேட்டை கடைத்தெருவோ, சிதம்பரம் பஸ் ஸ்டாண்டோ, அண்ணாமலைநகர் டீக்கடையோ... சரம் சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகளில் ஒன்றைப் பிய்த்து வாங்குவதுதான் நம்ம ஆளுங்க வழக்கம். அஞ்சு ரூபா, பத்து ரூபா. கணக்கு ரொம்ப சிம்பிள்னு நினைக்கிறீங்களா? அங்கேதான் இருக்கு விஷயம்!

இந்தப் பாக்கெட் சரத்துக்கும் நம்ம மாவட்டத்துக்கும் ஒரு சொந்தம் உண்டு. டப்பாவிலும் பாட்டிலிலும் மட்டுமே கிடைத்ததை கூலித் தொழிலாளியும் வாங்கணும்னு, பவுடர், எப்சம் சால்ட், ஷாம்பு என்று எல்லாவற்றையும் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்றவர் கடலூர்க்காரரான சின்னிகிருஷ்ணன். அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983-ல் 15 ஆயிரம் ரூபாய் முதல் போட்டு ஆரம்பித்த கம்பெனியின் 'சிக்' ஷாம்பு, சாஷேயை இன்னும் பட்டிதொட்டி எல்லாம் கொண்டுபோனது. நல்ல ஐடியாதான், மறுக்கவே முடியாது. ஆனா அந்த வழியிலேயே காபித்தூள், ஊறுகாய், மிக்சர் என்று மளிகைக்கடையில் பாதி இன்றைக்குப் பாக்கெட்டுக்குள் போயிடுச்சு. கூடவே நம்ம கண்ணுக்குத் தெரியாத செலவுகளும்!

விலை ஏறலை... எடை இறங்குச்சு!

2022-ல் மூலப்பொருள் விலை எகிறியபோது, அஞ்சு ரூபா பார்லே-ஜி பாக்கெட் 64 கிராமிலிருந்து 55 கிராமாக இளைத்ததாகச் செய்திகள் வந்தன. விலை? அதே அஞ்சு ரூபா! ஆனா கிராம் கணக்கில் பார்த்தா இது 16 சதவீத விலை உயர்வு. 'ரூபாயை ஏத்தினா சத்தம் போடுவாங்க, கிராமைக் குறைச்சா கவனிக்க மாட்டாங்க' - இதுதான் லாஜிக். எடையைக் கவரிலேயே அச்சடிச்சிருக்காங்க. நாமதான் படிக்கிறதில்லை.

சிப்ஸ் பாக்கெட்டில் பாதி காத்துதான்னு கிண்டல் பண்றோம். அது சும்மா காத்து இல்லை, நைட்ரஜன். எண்ணெய் சிக்கு வாடை அடிக்காம இருக்கவும், சிப்ஸ் நொறுங்காம இருக்கவும் அடைக்கிறாங்க. அதனால உப்பியிருக்கும் கவரைப் பார்த்து எடை போடாதீங்க, கிராமைப் பாருங்க.

அதுக்கு ஒரு ஷார்ட்கட் இருக்கு. விதிப்படி, எம்.ஆர்.பி.யோடு 'ஒரு கிராம் இவ்வளவு' என்றும் கவரில் போட்டிருக்கணும். இரண்டு பிராண்டை ஒப்பிட அதுதான் சரியான அளவுகோல். பெரிய பாக்கெட்தான் மலிவுன்னு கண்ணை மூடிட்டு நம்பவும் வேணாம். சில சமயம் சின்னதே மலிவாக இருக்கும்!

கவர் போட்டா வரி!

ரூம் எடுத்து சமைச்சுச் சாப்பிடுற பார்ட்டியா நீங்க? அப்போ இது உங்களுக்கு. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரைக்கும் பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. அதே பருப்பை மூட்டையிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுத்தா இந்த வரி கிடையாது. ஆக, உறை போட்டதுக்கே தனியாக ஒரு செலவு! உதிரியாக வாங்கும்போது தராசையும் சுத்தத்தையும் மட்டும் ஒரு பார்வை பார்த்துக்குங்க. எண்ணெய்ப் பலகாரத்தை நியூஸ் பேப்பரில் மடிச்சுக் கொடுத்தா வேண்டாம்னு சொல்லிடுங்க. மை வயித்துக்கு ஆகாது.

பில்லில் வராத பாக்கி

சாப்பிட்டாச்சு. கவர் எங்கே போகுது? பால் கவரை பழைய பேப்பர்க்காரர் எடைக்கு எடுத்துக்குவார். சிப்ஸ் கவரைத் தொடக்கூட மாட்டார். பிளாஸ்டிக் மேல பிளாஸ்டிக், நடுவில் அலுமினியப் பூச்சு என்று அடுக்கடுக்காக ஒட்டின சமாச்சாரம் அது. பிரிச்சு மறுபடி உருக்குவது லேசில்லை. அதனால் சல்லிக் காசு பெறாது. சாக்கடைக்குப் போகும். மழை வந்தா வெள்ளாறு. அப்புறம் கடல்.

அந்த முகத்துவாரத்தில்தான் 1961 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கு. கொஞ்சம் தெற்கே பிச்சாவரம் அலையாத்திக் காடு. இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் வளரும் இடத்துக்கு நம்ம மிக்சர் கவர் போய்ச் சேருது. அதை அள்ளும் கூலி பேரூராட்சி தலையில், வலையில் சிக்கினா மீனவர் தலையில். எம்.ஆர்.பி.யில் இது எதுவுமே இல்லை. 2016 பிளாஸ்டிக் கழிவு விதிகள், கவரைத் திரும்பச் சேகரிக்கிற பொறுப்பு தயாரிப்பவருக்குத்தான்னு சொல்லுது. நம்ம தெருவில் யாராவது வந்து கேட்டதுண்டா?

ஆனா முடியாத காரியம் இல்லை. காலி சாஷேக்களைக் கொண்டுவந்தா ஒரு 'சிக்' இலவசம்னு அந்தக் காலத்திலேயே அந்தக் கம்பெனி கொடுத்திருக்கு. 2022-ல் நீலகிரியில் காலி மது பாட்டிலுக்குப் பத்து ரூபா திருப்பித் தர ஆரம்பிச்சதும், காட்டில் கிடந்த பாட்டில்கள் கடைக்குத் திரும்பின. காலி கவருக்கும் ஒரு விலை வச்சா அது ஏன் ஆத்துக்குப் போகப் போகுது?

அதுவரைக்கும் நம்ம கையில் இருப்பது இதுதான். ஹாஸ்டல் விங்கில் ஒரே ஒரு வாரம், தின்ன கவரை எல்லாம் ஒரு சாக்கில் போடுங்க. ஒவ்வொன்றிலும் கிராம் விலையைப் படிச்சு நோட்டில் எழுதுங்க. வறுத்த மல்லாட்டை கால் கிலோவை நாலு பேர் சேர்ந்து டப்பாவில் வாங்கினா என்ன ஆகுதுன்னு பக்கத்திலேயே கணக்குப் போடுங்க. எம்.ஆர்.பி.க்கு மேல ஒரு ரூபா கேட்டாலும், எடை குறைஞ்சாலும், நுகர்வோர் உதவி எண் 1915. போன் போடத் தயங்காதீங்க பாஸ்!