மரணப் பள்ளத்தாக்கில் 48 மணி நேர சைக்கிள் பந்தயம்!
கார் நின்றால் சைக்கிளும் நிற்கணும்

817 கிலோ மீட்டர் தூரம். வழியெல்லாம் பாலைவனம். நடுவில் 10 மலைக் கணவாய்கள். கெடு 48 மணி நேரம். இத்தனையும் சைக்கிளில்!

"அவ்வளவுதானே, நடுவில் படுத்துத் தூங்கிவிட்டுப் போகலாமே" என்று கேட்கலாம். தூங்கலாம். தடை கிடையாது. ஆனால் தூங்குகிற நேரமும் அந்த 48 மணி நேரத்தில்தான் சேரும்!

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இந்த வழியில் நடந்து வந்த பந்தயம் இது. பெயர் "பர்னஸ் கிரீக் 508". 508 என்பது மைல் கணக்கு. நெடுந்தூர சைக்கிள் வீரர் ஜான் மரினோ 1983-ல் தொடங்கிய பந்தயத்தின் வாரிசு. 1990-ல் இருந்து கிறிஸ் காஸ்ட்மன் என்பவர் நடத்தி வந்தார்.

உலையின் பெயர்

பர்னஸ் என்றால் உலை. கிரீக் என்றால் ஓடை. "மரணப் பள்ளத்தாக்கு" என்று அழைக்கப்படும் டெத் வேலியில் உள்ள ஊர் அது. பெயருக்குப் பொருத்தமான ஊர்தான். 1913 ஜூலை 10-ந்தேதி அங்கே 56.7 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவானது. உலகிலேயே அதிகபட்ச வெப்பம் என்று அதிகாரபூர்வமான ஏட்டில் இருப்பது இன்றும் அதுதான்.

நல்ல வேளை, பந்தயம் நடந்தது அக்டோபரில். அப்போதும் பள்ளத்தாக்கில் பகல் வெயில் 34 டிகிரியைத் தொடும். ராத்திரியில் கணவாய் உச்சிக்குப் போனால் குளிர் நடுக்கும். ஒரே நாளில் வெயிலுக்கும் உடுப்பு வேணும், குளிருக்கும் உடுப்பு வேணும்.

நம்பர் இல்லை!

இந்தப் பந்தயத்தில் ஒரு வேடிக்கை. வீரர்களுக்கு நம்பர் கிடையாது. ஆளுக்கு ஒரு விலங்கு அல்லது பறவையின் பெயர்! சைக்கிளிலும் அந்தப் பெயர். கூட வரும் காரிலும் அதே பெயர். பொம்மை, படம் என்று காரை ஜோடித்துக்கொண்டு வருவார்கள்.

தனி ஆளாகவும் ஓட்டலாம். 2 பேர், 4 பேர் சேர்ந்து மாற்றி மாற்றியும் ஓட்டலாம். தனி ஆள் பாடுதான் பெரும் பாடு.

ஏற்றமும் இறக்கமும்

லாஸ் ஏஞ்சல்சுக்கு வடக்கே சான்டா கிளாரிட்டாவில் சனிக்கிழமை காலை கிளம்பினால் திங்கட்கிழமை காலைக்குள் முடிக்கணும். மொகாவி பாலைவனம் வழியே போனால் டிரோனா. உப்பும் ரசாயனமும் எடுக்கிற சின்ன ஊர். உப்பு மண்ணில் புல் பிடிக்காது என்பதால் அங்கே பள்ளிக்கூடத்துக் கால்பந்து மைதானமே வெறும் மண் தரை!

அதற்கப்புறம் டவுன்ஸ் கணவாய். உச்சி 4,956 அடி. 100 அடி போனால் 10 அடிக்கு மேல் ஏறுகிற இடங்கள் உண்டு. பலர் இங்கே வரும்போது இருட்டிவிடும். ஏறி முடித்ததும் மறுபக்கம் கடல் மட்டம் வரை ஒரே இறக்கம். பிரேக்கில் கை மரத்துப் போகும்.

அப்புறம் பேட்வாட்டர். கடல் மட்டத்துக்கும் கீழே 282 அடி. வட அமெரிக்காவிலேயே தாழ்வான இடம். மொத்த ஏற்றத்தையும் கூட்டினால் 35 ஆயிரம் அடிக்கு மேல். எவரெஸ்ட் சிகரமே 29 ஆயிரம் அடிதான்!

தண்ணீரும் ஆபத்து

பாலைவனக் காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடும். எவ்வளவு வியர்க்கிறது என்றே தெரியாது. சட்டையில் வெள்ளையாக உப்புப் படிவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளணும்.

தாகம் என்று வெறும் தண்ணீரையே குடித்தாலும் வம்பு. ரத்தத்தில் உப்பு குறைந்துபோகும். தலை வலிக்கும், வாந்தி வரும், புத்தி தடுமாறும். முற்றினால் மூளை வீங்கி உயிருக்கே ஆபத்து. ஆகவே தண்ணீரோடு உப்பும் போகணும்.

இரண்டாம் ராத்திரியில் இன்னொரு எதிரி வரும். அதுதான் தூக்கம். தூக்கம் கெட்டவர் கண்ணுக்கு இல்லாதது எல்லாம் தெரியும். புதர் மனிதனாகும். ரோட்டுக் கோடு நெளியும். சிலர் கண்ணைத் திறந்தபடியே ஒரு நொடி தூங்கிவிடுவார்கள். சைக்கிளில் அந்த ஒரு நொடி போதும்!

உயிர் காரில்

இங்கேதான் பின்னால் வரும் காருக்கு வேலை. தண்ணீர் கொடுப்பது, பஞ்சர் ஒட்டுவது, வழி சொல்வது எல்லாம் அதில் உள்ளவர்கள்தான்.

இருட்டிவிட்டால் விதி கண்டிப்பானது. கார் சைக்கிளுக்கு நேர் பின்னால் வரணும். கார் விளக்கு வெளிச்சத்தில்தான் சைக்கிள் ஓடணும். கார் ரிப்பேர் என்றால் சைக்கிளும் நின்றுவிட வேண்டியதுதான். காலில் தெம்பு இருக்கிறது என்று தனியே கிளம்ப முடியாது.

காரில் இருப்பவர்களுக்கும் அதே 48 மணி நேரம்தான். அவர்களுக்கும் தூக்கம் வரும். சைக்கிள்காரர் கண்ணயர்ந்தால் ரோட்டில் விழுவார். சில அடி பின்னால் வருகிற டிரைவர் கண்ணயர்ந்தால்? விழுந்தவர் மேலேயே கார் ஏறும்! அதனால் காரில் முறை வைத்துத் தூங்குவார்கள்.

அதைவிடக் கஷ்டமான வேலையும் ஒன்று அவர்களுக்கு உண்டு. "போதும், இறங்கு" என்று சொல்வது! புத்தி தடுமாறியவருக்குத் தன் நிலை தெரியாது. "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்பார். பல மாதம் பயிற்சி செய்து, கைக்காசு போட்டு வந்தவரை நிறுத்த மனசு வராது. ஆனாலும் நிறுத்தணும். அந்த முடிவை எடுக்க அங்கே வேறு ஆள் கிடையாது.

தப்பித்து வந்தவர்கள் பேக்கர், கெல்சோ என்று பாலைவன ஊர்களையும் கடந்து, டுவென்டி நைன் பாம்ஸ் ஊரில் ஓட்டத்தை முடிப்பார்கள். "இருபத்தொன்பது பனைகள்" என்று அர்த்தம்!

இடம் மாறியது

2014-ல் டெத் வேலி தேசியப் பூங்கா நிர்வாகம் இத்தகைய பந்தயங்களுக்கு அனுமதி தருவதை நிறுத்திவைத்தது. பாதுகாப்பை முதலில் ஆராயணும் என்றது. அதனால் அந்த ஆண்டு பந்தயம் பக்கத்து நெவாடா மாநிலத்துக்குப் போனது. ரெனோவில் கிளம்பி யுரேகா வரை போய்த் திரும்பணும். 1986-ல் "லைப்" பத்திரிகை "அமெரிக்காவிலேயே தனிமையான சாலை" என்று எழுதிய 50-ம் எண் நெடுஞ்சாலை வழியாகத்தான்.

பாலைவனம் மாறியது. பெயரும் மாறியது. பின்னால் வரும் கார் மட்டும் மாறவில்லை!