தன்மைப் போரும் படர்க்கைப் போரும்

தமிழிலக்கணம் கற்பிப்போர்க்கு மூவிடம் புதியதொரு பொருளன்று. தன்மை, முன்னிலை, படர்க்கை என்று பலகையில் எழுதி, நான், நீ, அவன் என்று எடுத்துக்காட்டி, மாணாக்கர் தலையசைத்ததும் அடுத்த பாடத்திற்குப் போய்விடுவோம். முப்பதாண்டுகளாக யானும் அவ்வாறே செய்துவந்தேன். அந்த மூவிடத்தைப் பற்றி என்னை மீண்டும் சிந்திக்க வைத்தவன் இலக்கண மாணாக்கன் அல்லன்; உயர்தரத்தில் கணிதம் படிக்கும் என் தங்கையின் மகன். சிந்திக்க வைத்ததும் ஒரு நூலன்று. கணினித் திரையில் நடந்த ஒரு போர்.

சென்ற விடுமுறையில் அவன் எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தான். ஓரிரவு விறாந்தைக் கதிரையிலிருந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தவன், "மாமா, ஒரு சொல்லுக்குத் தமிழ் சொல்லுங்கோ. இந்த விளையாட்டை ரெண்டு விதமாய்ப் பார்க்கலாம். ஒண்டு எஃப்.பி.பி., மற்றது ரி.பி.பி. முதலாவதிலே வீரன்ரை கண்ணாலேயே பார்க்கிறம். மற்றதிலே அவனுக்குப் பின்னாலே நிண்டு அவனையும் சேர்த்துப் பார்க்கிறம்" என்றான்.

"தன்மைப் பார்வை, படர்க்கைப் பார்வை என்று எழுது, தம்பி" என்றேன்.

எழுதிக்கொண்டவன் சற்றே நிமிர்ந்து, "அப்ப முன்னிலைப் பார்வை எங்கை, மாமா?" என்று கேட்டான்.

எனக்கு உடனே விடை தோன்றவில்லை. அதற்கொரு காரணமும் உண்டு. இவ்விளையாட்டுக்களைப் பற்றி யான் முன்னரே தீர்ப்புக் கூறிவிட்டவன். ஆசிரியர் கூட்டமொன்றில் எழுந்து, "இவை கொலை பயிற்றும் பள்ளிகள்" என்று முழங்கிக் கைதட்டும் பெற்றவன். ஆயினும் அவற்றுள் ஒன்றையேனும் அதுகாறும் கண்ணாற் கண்டதில்லை. நூலைப் படியாது மதிப்புரை எழுதுவோரை எத்தனையோ முறை எள்ளியிருக்கிறேன். அவ்வரிசையில் யானும் நிற்பதை அன்றுதான் உணர்ந்தேன். ஆதலின் விடுமுறை முடியும்வரை அவன் அருகிலிருந்து பார்த்தேன், கேட்டேன், தேடிப் படித்தேன். கண்டவற்றை வாசகர் முன் வைக்கின்றேன்.

கண்ணும் கையும்

தன்மைப் பார்வையில் ஆடுவோனுக்கு உடம்பே இல்லை. திரையின் அடியில் ஒரு கையும் ஒரு படைக்கலமும் தெரியும், அவ்வளவே. மற்றெல்லாம் கண். ஆதலின் இவ்வகைப் போரின் உயிர்நாடி குறிபார்த்தலாகும். திரையின் நடுவிலுள்ள சிறு புள்ளியைப் பகைவன்மேல் கொண்டுபோய் வைத்தலே வீரம்.

1992 ஆம் ஆண்டில் வுல்ஃபென்ஸ்டைன் 3டி என்பதும், 1993 டிசம்பரில் டூம் என்பதும் ஐடி சொஃப்ட்வெயார் என்னும் அமெரிக்க நிறுவனத்திலிருந்து வெளிவந்தன. இவ்வகையின் இலக்கணத்தை வகுத்தவை இவையே எனலாம். டூமில் ஆடுவோன் மேலுங்கீழும் பார்த்தல் இயலாது. பகைவன் மேடையில் நின்றாலும், அவன் நிற்கும் திசையை நோக்கிச் சுட்டாற் போதும். உயரத்தை விளையாட்டே சரிசெய்துகொள்ளும். இதனைக் குறையென்று கருதிய யான், ஆட்டத்தைப் பார்த்தபின் கருத்தை மாற்றிக்கொண்டேன். அங்குள்ள அரக்கருட் பலர் எறியும் தீப்பந்து மெல்லப் பறந்து வருவது. பக்கவாட்டில் அடியெடுத்து வைத்தால் தப்பலாம். ஆகவே டூம், சுடும் விளையாட்டாயினும், உண்மையில் நடக்கும் விளையாட்டு. கால் அறியாதவன் கை அங்கே வெல்லாது.

இங்கே எறிபடைகள் இருவகைப்படும். சுட்ட கணமே பட்டுவிடுவது ஒன்று. பறந்து சென்று படுவது மற்றொன்று. முன்னதில் பகைவன் இப்பொழுது எங்கே நிற்கிறான் என்பது கணக்கு. பின்னதில் படை சென்று சேரும்போது அவன் எங்கே நிற்பான் என்பது கணக்கு. நிகழ்காலப் படை, எதிர்காலப் படை என்று யான் பெயரிட, மருமகன் சிரித்தான், ஆயினும் மறுக்கவில்லை.

1996 இல் வந்த குவேக் உலகை முழு முப்பரிமாணத்தில் அமைத்தது. மேலும் கீழும் நோக்குவது குறிபார்த்தலின் பகுதியாயிற்று; சுட்டியைக் கையால் நகர்த்திக் கண்ணைத் திருப்பும் வழக்கமும் வேரூன்றியது. 2001 இல் வந்த ஹேலோ வேறொரு மாற்றஞ் செய்தது. முன்னைய ஆட்டங்களில் வீரன் பத்துப் படைக்கலம் சுமந்து திரிவான். குறைந்த உயிர்வலுவை ஈடுசெய்ய மருந்துப் பெட்டி தேடி அலைவான். ஹேலோவில் இரண்டே படைக்கலம். எதை எடுப்பது, எதை விடுப்பது என்னும் தேர்வு போரின் ஒரு கூறாயிற்று. மேலும், வீரனைச் சுற்றியுள்ள கவசம் சிறிதுநேரம் அடிபடாது ஒதுங்கியிருந்தால் தானே நிரம்பும். இதனாற் போர், முன்சென்று தாக்கிப் பின்வாங்கி மூச்சுவாங்கும் ஓர் அலைபோல ஆயிற்று. 2016 இல் மீண்டும் எழுந்த புதிய டூமோ இதனை நேரெதிராகத் திருப்பியது. தளர்ந்த பகைவனை நெருங்கிச் சென்று கையால் முடித்தால் உயிர்வலு கிடைக்கும். ஒதுங்குவோன் மாய்வான், முன்செல்வோன் பிழைப்பான். விதியொன்றை மாற்றினால் வீரத்தின் இயல்பே மாறுவது எனக்கு வியப்பளித்தது.

தன் முதுகைத் தான் காணும் வீரன்

படர்க்கைப் பார்வையிற் கண், வீரனுக்குச் சில அடி பின்னும் சற்று மேலுமாக நிற்கும். தன் முதுகைத் தானே காணும் பேறு உலகில் எவர்க்கும் வாய்த்ததில்லை, இங்கே வாய்க்கிறது. கால் நிற்கும் இடம், வாளின் நீளம், பின்னே நெருங்கும் பகைவன் யாவும் தெரியும். ஆதலின் கைகலப்புப் போருக்கு இப்பார்வையே பொருந்தும். தன்மைப் பார்வையில் வாள்வீசுவது கடினம். தட்டையான திரையில் தன் கை எவ்வளவு தூரம் எட்டுமென்று மதிப்பிட இயலாது.

ஆனால் இங்கே வேறோர் இடர் உண்டு. கண் ஓரிடத்தில், உடம்பு மற்றோரிடத்தில். எங்ஙனம் குறிபார்ப்பது? 1996 இல் வந்த டோம்ப் ரெயிடரில் நாயகி துப்பாக்கிகளை உருவினால் அவையே பகைவனை நாடும். ஆடுவோன் பணி, ஓடுவதும் தாவுவதும் சுடுவதுமே. 1998 இல் நின்டெண்டோ நிறுவனத்தின் செல்டா வரிசையில் வந்த ஒக்கரினா ஒஃப் டைம் என்னும் ஆட்டம் இதனினும் நுண்ணிய வழி கண்டது. ஒரு பொத்தானை அழுத்தினால், கண் ஒரு பகைவன்மேல் நிலைகுத்தி நிற்கும். வீரன் எப்பக்கம் நகர்ந்தாலும் அவனை மையமாக வைத்தே வட்டமிடுவான்.

இது பிறந்த கதை சுவையானது. ஆட்டத்தை அமைத்தோருட் சிலர் ஜப்பானின் கியோத்தோ நகரிலுள்ள ஒரு திரைப்படப் பூங்காவிற்குச் சென்று வாட்போர்க் காட்சியொன்றைக் கண்டனர். சங்கிலி கோத்த அரிவாளை ஒருவன் வீச, நாயகன் அதனைக் கையில் ஏற்க, சங்கிலி விறைத்து நிற்க, வீசியவன் நாயகனைச் சுற்றி வட்டமாக நகர்ந்தான். கண்ணுக்குத் தெரியாத அச்சங்கிலியையே அவர்கள் ஆட்டத்தில் வைத்தனர். இன்னொன்றையும் கவனித்தனர். நாயகனைப் பலர் சூழ்ந்திருந்தும் ஒருவர் பின் ஒருவராகவே வந்து தாக்கினர். அங்ஙனமே, ஒருவன்மேற் கண்ணை நிறுத்தியிருக்கையில் மற்றையோர் சற்றுக் காத்திருக்குமாறு ஆட்டத்தை அமைத்தனர். கூத்து மேடையின் பழைய வழக்கொன்று கணினிக்குள்ளே குடிபுகுந்தது.

துப்பாக்கிப் போருக்கு 2005 இல் வந்த ரெசிடன்ட் ஈவில் 4 வழிகாட்டிற்று. கண் வீரனின் தோளோரமாக நெருங்கி வந்தது. ஆயினும் அதில் ஒரு கட்டுப்பாடு உண்டு: குறிபார்க்கும்போது நடத்தல் இயலாது. நிற்பதா, ஓடுவதா என்னும் அந்த நெருக்கடியே அதன் அச்சத்திற்கு வேர். 2006 இல் கியர்ஸ் ஒஃப் வோர், சுவர்மறைவில் ஒண்டியிருந்து எட்டிச் சுடும் முறையைப் பரவச் செய்தது.

இவ்விடத்தில் நீதி பற்றிய ஒரு வழக்கும் எழுந்தது. படர்க்கைப் பார்வையில், சுவருக்குப் பின்னால் மறைந்திருப்பவன் தலையை நீட்டாமலே சுவருக்கு அப்பால் வருபவனைக் காணலாம். வருபவனோ அவனைக் காணான். மெய்யான கண்ணுக்கு இல்லாத சலுகை இது. இன்று எம் மாணாக்கர் பலரும் அறிந்த பப்ஜி என்னும் ஆட்டத்தில், இதனை ஒவ்வாதோர்க்கெனத் தன்மைப் பார்வை மட்டுமே உள்ள தனிக் களங்கள் 2017 இலேயே அமைக்கப்பட்டன. எங்கே நின்று காண்கிறோம் என்பது முறைமை பற்றிய வினாவும் ஆகும்.

ஓங்கலும் மீட்சியும்

கைகலப்பில் ஓர் அடி மூன்று கூறுடையது. வாளை ஓங்குவது முதற்கூறு. வாள் படுவது இரண்டாவது. மீட்டுப் பழைய நிலைக்கு வருவது மூன்றாவது. பகுதி, இடைநிலை, விகுதி போல என்று சொல்லத் தோன்றிற்று. வினைச்சொல்லிற் காலங் காட்டுவது இடைநிலை அன்றோ! அடியிலும் அந்த நடுக்கூறு எப்போது விழுகிறதென்பதே வெற்றி தோல்வியைக் காட்டும். பகைவன் ஓங்கும்போது அறிந்து விலகி, அவன் மீளும்போது அடிப்பவன் வெல்வான். வாள் பட்ட கணத்தில் இருவர் அசைவையும் ஒரு செக்கனின் சிறு பின்னம் நிறுத்திவிடும் தந்திரமும் உண்டு. அச்சிறு நிறுத்தமே அடிக்குக் கனத்தைத் தருகிறது.

ஜப்பானிய நிறுவனமொன்று 2011 இல் வெளியிட்ட டார்க் சோல்ஸ் இம்முறையை அதன் உச்சிக்குக் கொண்டுசென்றது. அடித்தாலும், தடுத்தாலும், உருண்டு தப்பினாலும் வீரனின் மூச்சுவலு குறையும். ஓங்கிய வாளை இடையில் நிறுத்திக்கொள்ளவும் பெரும்பாலும் இயலாது. எண்ணாது கைநீட்டியவன் அதன் பயனை முழுவதும் அனுபவித்தே தீரவேண்டும். மாண்டால் ஈட்டியதெல்லாம் மாண்ட இடத்திலே கிடக்கும். மீண்டு சென்று எடுக்க ஒரே ஒரு வாய்ப்பு. என் மருமகன் ஒரே பகைவனிடம் இருபது முறைக்கு மேல் தோற்றான். ஒவ்வொரு முறையும் சற்றே அமைதியானான். இருபத்துமூன்றாம் முறை வென்றபோது துள்ளவில்லை; நீளமாக மூச்சு விட்டான். பொறுமை பயிற்றும் ஆசிரியன் என்று என்னைக் கருதியிருந்த எனக்கு, அந்த மூச்சின் பொருள் நன்கு விளங்கியது.

முன்னிலை எங்கே?

இப்போது அவன் வினாவிற்கு வருவோம்.

முன்னிலை என்பது கண்ணை வைக்கும் இடமன்று என்று எனக்குத் தோன்றுகிறது. கண் சென்று சேரும் இடமே முன்னிலை. போரில் அது பகைவன். டார்க் சோல்ஸில் அந்தப் பகைவன்மேற் கண் நிலைகுத்தி நிற்க, அவன் தோளசைவையும் காலசைவையும் ஆடுவோன் படிக்கிறான்; அவனை அறியாது வெல்லல் இயலாது. அங்கே பகைவன் 'நீ' ஆகிறான். ஆனால் தொலைவிலிருந்து குறிவைக்கும் ஆட்டங்கள் பலவற்றில் அவன் 'நீ' ஆவதில்லை, 'அவன்'கூட அல்லன், அசையும் ஒரு புள்ளி, 'அது'. உயர்திணையிலிருந்து அஃறிணைக்கு இறங்கிவிடுகிறான். கூட்டத்தில் யான் முழங்கியபோது குருதியைப் பற்றியே பேசினேன். இன்று பேசுவதாயின் இத்திணை மாற்றத்தைப் பற்றியே பேசுவேன்.

இதனை விளையாட்டாலேயே உணர்த்தியோரும் உளர். 2012 இல் வந்த ஸ்பெக் ஒப்ஸ்: த லைன் என்னும் படர்க்கை ஆட்டத்தில் ஒரு கட்டம். வீரன் கணினித் திரையொன்றை நோக்கி, மேலிருந்து காணும் வெண்புள்ளிகள்மேல் எரிகுண்டு பொழிகிறான். அத்திரையின் கண்ணாடியில் அவன் முகமே நிழலாடுகிறது. பின்னர் அவ்விடத்தினூடாக நடந்து செல்லும்போதுதான் புள்ளிகளுட் பல, அடைக்கலம் புகுந்திருந்த பொதுமக்கள் என்று அறிகிறான். போலந்து நாட்டார் 2014 இல் ஆக்கிய திஸ் வோர் ஒஃப் மைன், சரயேவோ முற்றுகையின் நினைவிலிருந்து எழுந்தது. அதில் ஆடுவோன் வீரனல்லன். குளிரிலும் பசியிலும் மறைந்து வாழும் குடிமக்களைக் காப்பவன். அதனை மாணாக்கர்க்குரிய பரிந்துரை நூல்வரிசையிற் சேர்ப்பதாகப் போலந்து அரசு 2020 இல் அறிவித்தது. பாடத்திட்டம் வகுப்போர் எண்ணிப்பார்க்கத்தக்க செய்தி.

இறுதியாக ஒன்று. தன்மைப் பார்வையில் முதுகு தெரியாதாகையால் செவியே காவல். ஓரிரவு என் மருமகன் திடீரென அசைவற்று, மூச்சையும் அடக்கி, காதொலிப்பானில் எங்கோ கேட்கும் காலடியைக் கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அந்தக் கழுத்துச் சாய்வை யான் அறிவேன். பதுங்குகுழிக்குள் என் தந்தையார் அவ்வாறுதான் இருந்தார். அவரருகே யானும் அவ்வாறுதான் இருந்தேன். எறிந்தவன் முகத்தை நாங்கள் கண்டதில்லை; அவனும் எங்கள் முகத்தைக் கண்டதில்லை. வரும் ஓசையை மட்டும் கேட்டோம். 2009 இல் போர் முடிந்தபோது இவன் நடைபயிலும் குழந்தை.

"என்ன மாமா, அப்பிடிப் பார்க்கிறியள்?" என்று காதொலிப்பானைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

அன்று இரவு ஆட்டம் தொடரவில்லை. இதுவரை அவனுக்குச் சொல்லாதிருந்த சிலவற்றைத் தன்மையிடத்தில் நின்று சொன்னேன். அவன் முன்னிலையிலிருந்து கேட்டான்.