சிறைச்சாலையும் அதன் நோக்கமும்

மணிமேகலைக் காப்பியத்திற் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக்கிய காதை என்றொரு பகுதி உளது. அமுதசுரபியை ஏந்திப் புகார் நகரத்துச் சிறையினுட் புகுந்த மணிமேகலை, ஆங்குப் பசியால் வாடியோர்க்கு உணவளிக்கின்றாள். அதனைக் கேள்வியுற்ற சோழ மன்னன், அவள் வேண்டுவது யாது என வினவுகின்றான். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குக என அவள் வேண்ட, மன்னனும் இசைகின்றான். காப்பியவுலகில் ஒரு சொல்லால் நிறைவேறிய இம்மாற்றத்தை, வரலாற்றுலகு ஏறக்குறைய இருநூற்றைம்பது ஆண்டுகளாக முயன்றும் முற்றாக எய்தவில்லை. மனிதனை மனிதன் அடைத்துவைப்பது எதன்பொருட்டு என்னும் வினாவுக்குத் தெளிவான விடை காணப்படாமையே அதற்குத் தலையாய காரணமாகும்.

சிறைத்தண்டத்துக்கு நான்கு நோக்கங்கள் பொதுவாகக் கூறப்படும். செய்த குற்றத்துக்கு ஈடான துன்பத்தை விதித்தல் ஒன்று. பிறர் அத்தகைய குற்றஞ் செய்ய அஞ்சுமாறு செய்தல் மற்றொன்று. தீங்கு செய்வோனைச் சமுதாயத்தினின்றும் அகற்றி வைத்தல் மூன்றாவது. அவனைத் திருத்தி மீட்டும் சமுதாயத்திற் சேர்த்தல் நான்காவது. இந்நான்கும் ஒரே கட்டடத்துள் இணக்கமாக வாழுமெனப் பலரும் எண்ணுகின்றனர். ஆனால், துன்புறுத்துவதற்கென அமைந்த இடம் திருத்துவதற்கு ஏற்ற இடமாவது அரிது. அச்சத்தை விளைவிக்கும் வாழ்க்கை, பொறுப்பினை வளர்க்கும் வாழ்க்கையாவதும் அரிதே.

சிறைவாசம் பெருங்குற்றங்களுக்குரிய பொதுத்தண்டமாக வழங்கத் தொடங்கியது அண்மைக் காலத்திலேயாகும். பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் தூக்கு, கசையடி, நாடு கடத்தல் என்பனவே பெருந்தண்டங்களாயிருந்தன. சிறை என்பது பெரும்பாலும் விசாரணையை எதிர்நோக்கியோரையும் கடனாளிகளையும் காத்துவைக்கும் இடமாகவே இருந்தது. 1764 இல் இத்தாலிய அறிஞர் பெக்காரியா, தண்டத்தின் கொடுமையன்று, அது தப்பாது வரும் என்னும் உறுதியே குற்றத்தைத் தடுக்கும் என வாதித்தார். 1773 இல் இங்கிலாந்தின் பெட்போட் கோட்டத்து ஷெரிப்பாக நியமனம் பெற்ற யோன் ஹவாட், தம் பொறுப்பிலிருந்த மறியற்சாலையைத் தாமே சென்று பார்வையிட்டார். குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டோரும், சிறைக்காவலனுக்குரிய கட்டணத்தைச் செலுத்த இயலாமையால் உள்ளேயே அடைபட்டிருந்தனர்! காவலனுக்குச் சம்பளம் இல்லை. கைதியிடம் பெறும் கட்டணமே அவன் வருவாய். 1774 இற் பாராளுமன்றம் இக்கொடுமையை நீக்கச் சட்டம் இயற்றியது. நாடெங்குமுள்ள சிறைகளைச் சுற்றிப் பார்த்த ஹவாட், தாம் கண்டவற்றை 1777 இல் நூலாக வெளியிட்டார்.

இவ்வாறு எழுந்த சீர்திருத்த ஆர்வம் ஐக்கிய அமெரிக்காவில் இருவகை அமைப்புகளாக உருப்பெற்றது. பிலடெல்பியா நகரில் 1829 இல் திறக்கப்பட்ட கிழக்குச் சிறைச்சாலையில் ஒவ்வொரு கைதியும் தனியறையில் வைக்கப்பட்டான். அங்கேயே உண்டு, அங்கேயே தொழில் செய்து, பிற கைதிகளின் முகமே காணாது அவன் வாழ்ந்தான். வெளியே கொண்டு செல்லுங்கால் முகம் மூடப்பட்டது. தனிமை சிந்தனையையும், சிந்தனை கழிவிரக்கத்தையும் தரும் என்பது அதனை வகுத்தோரின் நல்லெண்ணம். ஆயினும், 1842 இல் அதனைக் கண்ட நாவலாசிரியர் சாள்ஸ் டிக்கன்ஸ், உடலை வதைப்பதிலும் உள்ளத்தை இவ்வாறு வதைப்பது கொடிதெனக் கண்டித்தார். நியூ யோர்க் மாநிலத்து ஓபேண் சிறையில் 1821 இல் தொழிலுமின்றிக் கைதிகளைத் தனியே அடைத்துப் பார்த்தபொழுது, பலர் நோயுற்றனர். சிலர் சித்தங் கலங்கினர். அம்முயற்சி சில ஆண்டுகளிற் கைவிடப்பட்டது. பின்னர் அங்கே, பகலிற் கூடித் தொழில் செய்தலும் இரவில் தனித்துறங்கலும் வழக்காயின. ஆயின், எவரும் வாய்திறந்து பேசலாகாது. பேசியோர்க்குச் சவுக்கடி கிடைத்தது. திருத்தத்தின் பெயராற் தொடங்கியது வன்முறையில் முடிந்தமை கருதற்பாலது.

சிறையில் வன்முறை ஏன் தோன்றுகின்றது? கொடியோர் கூடியிருப்பதனால் என்பது எளிய விடை. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. எனினும், அமெரிக்கச் சமூகவியலாளர் கிரெஷாம் சைக்ஸ் நியூ யேர்சி மாநிலச் சிறையை ஆராய்ந்து 1958 இல் வெளியிட்ட நூல் இதனினும் ஆழமான விளக்கத்தைத் தருகின்றது. கைதி இழப்பது சுதந்திரம் ஒன்றை மட்டுமன்று. பொருள்கள், ஆண் பெண் உறவு, தன் செயலைத் தானே தீர்மானிக்கும் உரிமை, உயிர்க்காவல் என்பவற்றையும் அவன் இழக்கின்றான். இவ்விழப்புகளை ஈடுசெய்யவே கைதிகளிடையே ஒரு தனிச் சமுதாயமும், அதற்கெனத் தலைவரும் வழக்கங்களும் தோன்றுகின்றன. காவலரோ தொகையிற் சிறியர். வெறும் பலத்தினால் மட்டும் நாள்தோறும் ஒழுங்கைக் காத்தல் அவர்க்கு இயலாது. ஆதலின், சிறு தவறுகளைக் காணாதார்போல விட்டுப் பெரிய அமைதியைப் பெறுகின்றனர். மதிலுக்கு வெளியிலிருந்து நோக்குவோர்க்கு முழு ஆதிக்கமாகத் தோன்றுவது, உள்ளே நுண்ணிய உடன்பாடாகவே நிலவுகின்றது. அது குலையும்பொழுது கலகம் மூள்கின்றது.

இதற்கு அற்றிக்கா ஒரு துயரச் சான்றாகும். நியூ யோர்க் மாநிலத்து அச்சிறையில் 1971 செப்டெம்பரில் இடத்துக்கு மிஞ்சிய தொகையினராய் ஏறத்தாழ 2,200 கைதிகள் இருந்தனர். கிழமைக்கு ஒரு முறையே குளிக்க வசதியுண்டு. நல்ல உணவு, மருத்துவம், சமயச் சுதந்திரம், நியாயமான கூலி என்பனவே அவர்கள் வேண்டியவற்றுட் சில. 9 ஆந் திகதி கலகம் மூண்டது. காவலரும் ஊழியரும் பணயமாகப் பிடிக்கப்பட்டனர். நான்கு நாட் பேச்சுவார்த்தையின் பின்னர், 13 ஆந் திகதி ஆயுதம் தாங்கியோர் உட்புகுந்தனர். மாண்டோர் மொத்தம் 43 பேர். அவர்களுள் 29 கைதிகளும், பணயமாயிருந்த 10 பேரும் மீட்கச் சென்றோரின் துப்பாக்கிச் சூட்டினாலேயே இறந்தனர். பணயமாயிருந்தோரின் கழுத்தைக் கைதிகள் அறுத்தனர் என அதிகாரிகள் முதலில் அறிவித்தனர். பிரேத பரிசோதனை அதனைப் பொய்யாக்கியது.

இலங்கையும் இத்துயருக்குப் புறம்பானதன்று. 1841 இற் பிரித்தானியர் காலத்தில் எழுந்த வெலிக்கடைச் சிறையில், 1983 யூலை 25 ஆந் திகதி 35 தமிழ்க் கைதிகள் அங்கிருந்த ஏனைய கைதிகளாற் கொல்லப்பட்டனர். இரண்டு நாட்களின் பின், 27 ஆந் திகதி, அதே மதில்களுக்குள் மேலும் 18 பேர் கொல்லப்பட்டனர். அவர்களுட் பலர் நீதிமன்றத்தாற் குற்றவாளிகளெனத் தீர்க்கப்படாதவர்கள். இக்கொலைகளுக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. 2012 நவெம்பரில் அதே சிறையில் மீண்டும் 27 கைதிகள் உயிரிழந்தனர். பூட்டிய அறையிலிருப்பவன் ஓடித் தப்பவும் இயலாது, தற்காத்துக்கொள்ளவும் இயலாது. அவன் கதவின் திறவுகோலைத் தன் கையில் வைத்திருக்கும் அரசே அவன் உயிருக்கும் பொறுப்பாகும். முதல் நாட் கொலையைத் தடுக்கத் தவறிய அரசு, இரண்டாவதற்கு அறியாமையைக் காரணங் காட்டல் இயலாது.

இப்பொறுப்பினை உலகு எழுத்தளவில் ஏற்றுள்ளது. 1955 இல் ஜெனீவாவில் வகுக்கப்பட்ட கைதிகள் பற்றிய குறைந்தபட்ச விதிகளை, ஐக்கிய நாடுகள் சபை 2015 இல் திருத்தி, 27 ஆண்டு சிறையிருந்த நெல்சன் மண்டேலாவின் பெயரை அவற்றுக்கு இட்டது. நாளொன்றுக்கு 22 மணிநேரமோ அதற்கு மேலோ பயனுள்ள மனிதத் தொடர்பின்றி அடைத்தல் தனிச்சிறை என அவை வரையறுக்கின்றன. 15 நாளுக்கு மேற்படின் அதனைத் தடைசெய்கின்றன. பிலடெல்பியாவில் மருந்தெனக் கருதப்பட்டது இங்கே நஞ்செனக் கொள்ளப்படுகின்றது. சுதந்திர இழப்பே தண்டம், அதற்கு மேற் சிறை எத்துன்பத்தையும் சேர்த்தலாகாது என்பது நோர்வே நாட்டுச் சிறைத்துறையின் கொள்கை. செல்வமும் சிறு சனத்தொகையும் உள்ள அந்நாட்டின் முறையனைத்தும் பிறநாடுகளுக்கு அப்படியே பொருந்தும் எனல் மிகையாகும். ஆயினும், கைதியை உயிருடன் காத்தலுக்கும், அவனை மனிதனென மதித்தலுக்கும் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை.

சிறைபுகுந்தோருட் பெரும்பாலோர் ஒரு நாள் வெளியே வருவர். எவரது அயலிலோ அவர்கள் குடியிருப்பர். அவர்கள் எத்தகையோராய் வருவர் என்பதை, அவர்கள் செய்த குற்றத்தோடு உள்ளே அவர்களுக்குச் செய்யப்பட்டதும் சேர்ந்தே தீர்மானிக்கும். ஆதலால் நான்கு நோக்கங்களுள் எதனை ஒரு நாடு தெரிவு செய்யினும், கைதியின் உயிரையும் மானத்தையும் காத்தல் அவற்றுக்கெல்லாம் முற்பட்ட கடனாகும். அக்கடனைச் செலுத்தாத சிறை குற்றத்தைத் தண்டிக்கும் இடமன்று. குற்றம் நிகழும் இடங்களுள் தானும் ஒன்றேயாகும்.